ஓடைக்கரையிற் குழந்தைகள்

மீன் பிடித்தல் என்றதும் யாழ்ப்பாணத்தாராகிய எமக்கு நினைவில் வருவன களங்கண்ணியும் வீச்சுவலையும் பறியுமேயாம். அவை யாவும் வயிற்றுப்பாட்டுக்குரிய தொழிற் கருவிகள். விளையாட்டாக மீன் பிடிப்போர் உளர் என்பதும், அதற்கென நுட்பமானதொரு கலை உண்டு என்பதும் எம்மவரிற் பலர்க்குப் புதியன. மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில் நூறாண்டுக்கு மேலாகப் பயின்று வரும் ஈத்தூண்டிற் கலையே அது. சென்ற சித்திரை விடுமுறையில், நுவரெலியாவுக்கு அண்மையிலே தேயிலைத் தோட்டமொன்றிற் பணிபுரியும் நண்பரின் அழைப்பை ஏற்று, எட்டு வயது மகளுடனும் ஐந்து வயது மகனுடனும் அங்கே ஒரு பகற் பொழுதைக் கழித்தோம். அப்பொழுது எம்முள் எழுந்த எண்ணங்கள் குழந்தைகளை உடைய ஏனையோர்க்கும் பயன்படலாம்.

அவ்வோடைகளில் வாழும் திரவுட் மீன் எம் நாட்டுக்குரியதன்று. தேயிலையைப் போலவே அதுவும் வந்தேறியதே. யேம்ஸ் டெயிலர் என்பார் 1867ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டம் அமைத்தார். 1880களில் ஆங்கிலேயர் தம் ஊர் விளையாட்டை இங்கும் ஆட விரும்பித் திரவுட் மீனைக் கொண்டுவந்தனர். முதலில் வந்தது ஐரோப்பியக் கபில நிறத் திரவுட். பின்னர் வந்த வானவில் திரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரைப்பகுதிக்குரியது. பின்னதே இங்கு நன்கு நிலைத்தது. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிலும் அது உண்டு. ஆயினும் அவ்விடம் 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டமையால், அங்கு தூண்டிலுடன் செல்லுதல் தகாது. நாம் சென்றது தோட்டத்தினூடே பாயும் வேறோர் ஓடைக்கு. உரிய அனுமதியை நண்பர் முன்னரே பெற்றிருந்தார்.

இக்கலையின் சூட்சுமம் யாதெனின், சாதாரணத் தூண்டிலிலே ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இதிலோ தடித்த நூலின் பாரமே இறகாலும் மயிராலும் கட்டிய பொய் ஈயைச் சுமந்து செல்லும். கோலைப் பின்னே வீசி, நூல் முதுகுப்புறம் முற்றாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பின்னரே முன்னே வீசவேண்டும். பொறுக்காதவன் நூல் அவன் காலடியிலேயே சுருண்டு விழும். எம் மகளுக்குக் கொக்கியை நீக்கி, ஒரு கம்பளி நூற்றுண்டை முடிந்து, புற்றரையிலே நண்பர் பழக்கினார். பத்தாவது வீச்சில் அவள் பொறுக்கக் கற்றாள். வகுப்பறையில் நாம் பல தடவை சொல்லியும் உணர்த்த முடியாத ஒன்றை அந்த நூல் உணர்த்திவிட்டது.

சிறுவரை அழைத்துச் செல்வோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் நன்று. வீசுவோர் பின்னே குழந்தை நில்லாதிருத்தல் வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் கொக்கியினின்று கண்ணைக் காக்கும். கோல் பிடிப்பவர் ஒருவர், குழந்தைகளைப் பார்ப்பவர் வேறொருவர் என இருவராவது இருத்தல் இன்றியமையாதது. நீர் கணுக்காலைத் தாண்டாத இடமே அவர்களுக்கு உரியது. மாற்றுடையும் கட்டுச்சோறும் வேண்டிய அளவு வேண்டும்.

ஐந்து வயதுப் பிள்ளை அரைமணி நேரத்துக்கு மேல் தூண்டிலைப் பார்த்திராது. எம் மகனும் பாரான். அவனுக்கு நண்பர் வேறொரு வேலை தந்தார். ஓடையின் கல்லொன்றைப் புரட்டிக் காட்டினார். அதன் அடியிலே, மணற்பருக்கைகளைத் தன் வாயின் பட்டிழையால் ஒட்டிக் குழல்போல் வீடு சமைத்து அதனுள் வாழும் புழுவொன்று இருந்தது. வளர்ந்து சிறகு பெற்று நீரினின்று எழும் அத்தகைய பூச்சிகளைத் திரவுட் உண்ணும். அவற்றின் போலியே தூண்டிலில் உள்ள பொய் ஈ. பிற்பகல் மழை வரும்வரை அவன் கல் புரட்டினான். புரட்டிய கல்லை முன்போல் வைக்கவும் கற்றான்.

வெள்ளி, செவ்வாய் ஒழிந்த நாள்களில் மீன் உண்ணும் குடும்பம் எமது. பிடித்ததை உடனே நீரில் விட்டுவிடுதலே இக்காலத்தார் பலரின் வழக்கமென நண்பர் கூறியபோது எம் இல்லாள், “உண்ணாத மீனை ஏன் குத்த வேண்டும்?” என வினவினார். முடிவில், உண்பதற்கு ஒன்று மட்டும் கொள்வது, அதன்பின் தூண்டிலைச் சுருட்டுவது என இசைந்தோம். முதலில் அகப்பட்டது ஒரு சாண் நீளமும் இல்லாதது. கையை நனைத்து, நீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றி நண்பர் அதனை விட்டார். அடுத்தது ஒன்றரைச் சாண்; விலாவில் இளஞ்சிவப்புக் கோடு மின்னியது. தலையில் ஓரடி அடித்து அவர் அதைக் கொன்றார்.

மகள் எம்மை நோக்கி, “அப்பா, அதுக்கு நோகாதோ?” என்றாள்.

“நோகும், பிள்ளை” என்றோம்.

“அப்ப ஏன் பிடிக்கிறியள்?”

மீனுக்கு நோவில்லை என்று கூறிக் குழந்தையைத் தேற்றுவது எளிது. ஆயின் அது மெய்யன்று. 2003ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆராய்ச்சியாளர், இவ்வானவில் திரவுட்டின் தலையிலேயே ஊறுணரும் நரம்பு முனைகள் இருப்பதை வெளியிட்டனர். மீன் உணரும் நோவு எத்தகையது என்பதில் அறிஞரிடை வாதம் உண்டு. ஒன்றும் உணராது என்று குழந்தைக்குக் கூற அது இடந்தராது. எனவே, “நாங்கள் சாப்பிடுகிற ஒவ்வொரு மீனையும் ஆரோ ஒருவர் இப்படித்தான் கொல்லுகிறார், பிள்ளை” என்று மட்டும் சொன்னோம்.

அன்றிரவு மகன் மீன் உண்டான். மகள் உண்ணவில்லை. மாதம் ஒன்று கழிந்தும் அவள் உண்டிலள். அவளை நாம் வற்புறுத்தவுமில்லை, புகழவுமில்லை. தம்பியைப் பழிக்கலாகாது என்று மட்டும் சொல்லியுள்ளோம்.

சந்தையில் நறுக்கிப் பொதிந்து தரும் மீனுக்கு முகமில்லை. அதனை உண்டு வளரும் பிள்ளை உயிரிரக்கம் பற்றி எத்தனை செய்யுளை மனனஞ் செய்யினும், அவை நாவளவில் நின்றுவிடக் கூடும். உண்பதா, ஒழிப்பதா என்னும் தீர்ப்பை அவர்கள் வளர்ந்து தாமே செய்வர். தீர்ப்புக்கு வேண்டிய உண்மையை மறையாது காட்டுதலே பெற்றோர் கடன். அதனைக் காட்டத் துணிவுள்ளவர்கள் குழந்தைகளுடன் ஓடைக்கரைக்குச் செல்லலாம். துணிவில்லாதோர் கல் புரட்டிப் பார்க்க மட்டுமாயினும் செல்லலாம்.