ஜீரோ எரர் பார்த்தியா?

உங்க கையில இப்போ ஃபிட்னஸ் பேண்ட் இருக்கா? இருந்தா ஒரு ஐந்து நிமிஷம் கழட்டி மேசை மேல வைங்க. படிச்சு முடிச்சதும் திரும்ப மாட்டிக்கலாம். பேண்டே வேண்டாம்னு சொல்ல வரல. அது காட்டுன ஒரு நம்பரை நம்பி நான் செஞ்ச தப்பை உங்ககிட்ட சொல்லணும், அவ்வளவுதான்.

எங்க அப்பா கோயம்புத்தூர்ல கணபதி பக்கம் ஒரு பட்டறையில லேத் ஓட்டுறவர். இருபத்தாறு வருஷமா பம்ப் ஷாஃப்ட் கடைசல் வேலை. நான் ஸ்கூல் படிக்கும்போது லீவுல பட்டறைக்குப் போனா, மைக்ரோமீட்டரைக் கையில கொடுத்து, "மொதல்ல மூடிப் பாரு கண்ணு. ஜீரோவுல நிக்குதா? நிக்காட்டி அது காட்டறதை நம்பாதே" என்பார். முதல் வருஷ பிசிக்ஸ் லேப்ல ஸ்க்ரூ கேஜ் வந்தப்போ, 'ஜீரோ எரர்' எனக்குப் பழைய சொந்தக்காரன் மாதிரி இருந்துச்சு.

போன வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சுது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு அப்போதான் இன்டர்ன்ஷிப் பணம் வந்திருந்தது. 1,999 ரூபாய்க்கு ஒரு பேண்ட் வாங்கிக் கொடுத்தேன். நடை, இதயத் துடிப்பு, தூக்கம், ஆக்ஸிஜன் எல்லாம் காட்டும்னு பெட்டியில போட்டிருந்தது. லேத்ல நிக்கும்போது கையில எதையும் கட்டக் கூடாது, அதனால வேலை முடிஞ்சு வந்ததும் மாட்டிக்கிட்டு நடக்கப் போவார். "இன்னிக்கு 6,400 கண்ணு" என்று ஹாஸ்டலுக்கு போன் போட்டுச் சொல்வார். அவ்வளவு சந்தோஷம்.

ஆறு மாசம்தான். முதல்ல பேட்டரி. பத்து நாள் நின்ன சார்ஜ் மூணு நாளுக்கு இறங்கிடுச்சு. அடுத்து சார்ஜ் ஏத்துற பின் பச்சை பூத்துப் போச்சு. '5 ஏடிஎம்' என்று போட்டிருந்ததால அதோடவே சுடுதண்ணியில சோப்பு போட்டுக் குளிச்சிருக்கார். அந்த '5 ஏடிஎம்' என்பது 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான, அசையாத தண்ணி அழுத்தம். சுடுதண்ணி, சோப்பு, வேர்வை உப்புக்கு அது உத்தரவாதம் கிடையாது. கடைசியா, டயலுக்குப் பக்கத்துல ஸ்ட்ராப் வெடிச்சது. அந்த மாடலுக்குத் தனி ஸ்ட்ராப் கடையில கிடைக்கல. அப்பா பட்டறைக்காரர் ஆச்சே, நைலான் நூலை வெச்சு இழுத்துக் கட்டிட்டார். பேண்ட் கையில இருந்தது. ஆனா ஒரு விரல் நுழையுற அளவுக்குத் தொளதொளன்னு இருந்தது.

இதை நான் பார்த்தேன். ஈசிஇ படிக்கிற பையன். பார்த்தும் எனக்கு ஒண்ணும் தோணல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பா நடந்துட்டு வந்து திண்ணையில உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்றார். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவர் முகத்தைப் பார்க்கல. கையைத் திருப்பிப் பேண்டை அமுக்கினேன். 74.

"துடிப்பு நார்மலாத்தான் இருக்குதுங்கப்பா. கேஸ் டிரபிளா இருக்கும்" என்று சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரம் போச்சு. அம்மா சமையலறையில இருந்து வந்து அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தாங்க. முதுகு பூரா நனைஞ்சிருந்தது. "ஏனுங்க, கையும் வலிக்குதுங்களா?" என்று கேட்டாங்க. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நான் மறுபடி பேண்டைப் பார்க்கப் போனேன். "அதைத் தூக்கிக் கடாசுடா, 108-க்குப் போடு" என்று அம்மா கத்தினாங்க.

ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க. மாரடைப்பு. அன்னிக்கு ராத்திரியே ஸ்டென்ட் வெச்சாங்க. அவருடைய சட்டை, மோதிரம், பேண்ட் எல்லாத்தையும் ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு நர்ஸ் என் கையில கொடுத்தாங்க. அவர் நெஞ்சுல வயர் ஒட்டின மானிட்டர் 112 காட்டிக்கிட்டு இருந்தது. கவருக்குள்ள இருந்த பேண்டுல பச்சை லைட் எரிஞ்சுது. யார் கையிலயும் இல்லாத அந்தப் பேண்ட் 68 என்று காட்டியது.

அந்த 68-தான் என்னைத் தூங்க விடல.

ஹாஸ்டல் வந்ததும் ரூம்மேட்டுகளோட சேர்ந்து சோதனை செஞ்சோம். பேண்டை மெஸ்ஸுல வாங்கின வாழைக்காயில கட்டினோம்: 81. சுருட்டின துண்டுல கட்டினோம்: ஒரு தடவை ஒண்ணும் இல்ல, அடுத்த தடவை 77. கையில கட்டிக்கிட்டு, சும்மா உட்கார்ந்து காலேஜ் பஸ்ல வந்தப்போ முந்நூறு சொச்சம் அடி 'நடந்திருந்தேன்'.

காரணம் நம்ம பாடத்துலயே இருக்கு. பேண்ட் துடிப்பை எண்ணுறதில்ல, ஒளியை அளக்குது. பச்சை ஒளியை ரத்தம் நல்லா உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வர்ற ஒளியும் துளி மாறும். ஃபோட்டோடையோடு பிடிக்கிறது அந்தத் துளி மாற்றத்தைத்தான். பேண்ட் தளர்ந்தா வெளிச்சம் உள்ளே நுழையும், சென்சார் ஆடும், சிக்னல் இரைச்சல்ல மூழ்கிடும். மென்பொருள் அந்த இரைச்சலுக்குள்ளேயே ஒரு தாளத்தைத் தேடிப் பிடிச்சு நம்பராக் காட்டிடும். ஓடும்போது சில சமயம் துடிப்புக்குப் பதிலா உங்க காலடி வேகத்தையே துடிப்புன்னு காட்டும். ஆக, ஸ்ட்ராப் வெடிச்சது வேற, அளவு தப்பினது வேற இல்ல. முதல்ல உடைஞ்சது பிளாஸ்டிக், அது வழியா உடைஞ்சது கணக்கு.

எல்லாப் பேண்டும் குப்பைன்னு சொன்னா அதுவும் பொய். 2017-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 60 பேர் கையில 7 கருவிகளைக் கட்டிச் சோதிச்சது. இதயத் துடிப்புல 6 கருவிகளோட பிழை 5 சதவீதத்துக்குள்ளதான் இருந்தது. ஆனா கலோரிக் கணக்குல ரொம்ப நல்ல கருவியே சராசரியா 27 சதவீதம் தப்பு. மோசமானது 93 சதவீதம். ரெண்டு நம்பரும் ஒரே திரையில, ஒரே எழுத்துல, ஒரே தைரியத்தோட தெரியும். எது அளந்தது, எது ஊகம்னு உங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாகிட்ட இதையெல்லாம் சொல்லி, "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்: "அது சரியாவே காட்டியிருந்தாலும் என்ன கண்ணு? மைக்ரோமீட்டர் ஷாஃப்டோட கனத்தைச் சொல்லும். உள்ளே விரிசல் இருக்குதான்னு சொல்லுமா?"

டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார். ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்போதும் துடிப்பு 74 இருக்கலாம். நான் ஒரு கேள்வியைக் கேட்டு, வேற கேள்விக்கான பதிலை வாங்கிக்கிட்டு நிம்மதியா இருந்திருக்கேன்.

அதனால, மேசை மேல இருக்கிற பேண்டை எடுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி ஜீரோ எரர் பாருங்க. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, ஆடாம கட்டுங்க. கட்டைவிரலுக்குக் கீழே ரெண்டு விரல் வெச்சு 60 விநாடி துடிப்பை எண்ணுங்க, பேண்டோட ஒப்பிடுங்க. கிரவுண்டுல எண்ணி 200 அடி நடங்க, எத்தனை காட்டுதுன்னு பாருங்க. வேர்த்தா துடைச்சுட்டு சார்ஜ் போடுங்க. நேத்தைக்கும் இன்னிக்கும் எவ்வளவு நடந்தோம்னு பார்க்க அது போதும்.

வீட்டுல யாராவது "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா மட்டும், திரையைப் பார்க்காதீங்க. அவங்க முகத்தைப் பாருங்க. அப்புறம் 108.

அப்பா இப்போ நல்லா இருக்கார். பட்டறையில பாதி நாள் வேலை. சாயங்காலம் அம்மாவும் கூட நடக்கப் போறாங்க. எத்தனை அடின்னு யாரும் எண்ணுறதில்ல. "பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்ட்டு வந்தோம் கண்ணு" என்று போன்ல சொல்றார்.