யார் பிழை?

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படம் 'டோக்கியோ கதை', 1953. ஒனோமிச்சி என்ற துறைமுக ஊரிலிருந்து வயதான தாயும் தகப்பனும் டோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்தவர் வைத்தியர். மகள் சலூன் நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை அட்டாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் கூத்தும் கும்மாளமும், தூங்க முடியவில்லை. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் தாய் இறந்துபோகிறார். கதை இவ்வளவுதான்.

*

கமரா தரையோடு ஒட்டி நிற்கிறது. திண்ணைப் பாயில் குந்தியிருக்கும் உம்மம்மாவின் கண் மட்டம். ஆட்கள் எழும்பிப் போன பிறகும் வெறும் அறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

*

தாய் தகப்பனுக்கு விலை கூடிய கேக் எதற்கு என்று புருஷனை ஏசும் மகள். அவளேதான் தாயின் தலைமாட்டில் விம்மி அழுகிறாள். அழுத ஈரம் காயுமுன் தாயின் உடுப்பில் தனக்கு எது என்று கேட்கிறாள். மூன்றும் உண்மை. எங்கள் மையத்து வீடுகளிலும் கண்டிருக்கிறேன்.

*

நொரிக்கோ, போரில் இறந்த மகனின் மனைவி. லீவு போட்டு மாமனார் மாமியாரை ஊர் சுற்றிக் காட்டுபவள் அவள் ஒருத்திதான். படம் அவளையும் புனிதவதியாக்கவில்லை. புருஷனை நினைக்காமலே நாட்கள் போகின்றன என்று மாமனாரிடம் அவளே சொல்கிறாள். இன்னொரு கலியாணம் முடி என்று அவர் சொல்லி, மனைவியின் கடிகாரத்தைக் கொடுக்கிறார். இந்தப் படத்தில் அன்பு என்றால் இதுதான்.

*

ஓசு கலியாணம் முடிக்கவில்லை, தாயோடு வாழ்ந்தவர். தாய் 1962இல் போனார். அடுத்த வருடம் டிசம்பர் 12, தன் அறுபதாவது பிறந்தநாளில், அவரும்.

*

இனி இலங்கையில், எங்கள் புத்தளம் மாவட்டம். வென்னப்புவைப் பக்கம், இத்தாலிக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் காசில் எழும்பிய மாடி வீடுகள். சிலவற்றில் தாயும் தகப்பனும் மட்டும், சிலவற்றில் பூட்டு. இங்கே பயணம் மறுபக்கமாக. பிள்ளைகள்தான் விடுமுறைக்கு விருந்தாளிகளாக வருகிறார்கள், தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போகிறார்கள், சூட்கேசைக் கட்டுகிறார்கள்.

*

கற்பிட்டி, புத்தளம் பக்கம் வேறு மாதிரி. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போவது உம்மா. பிள்ளை உம்மம்மாவிடம். வருடங்கள் கழித்து வந்தவளைக் கண்டு பிள்ளை உம்மம்மாவின் சேலைக்குள் ஒளிகிறது. அந்தப் பிள்ளைக்காகத்தான் போனாள்.

*

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. 2009இல் போர் முடிந்த பிறகு வாப்பாமாருக்கு, விட்டு வந்த மன்னாருக்குத் திரும்ப ஆசை. இங்கே பிறந்த மகனுக்குக் கடை புத்தளத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் புத்தளத்தில். விரட்டியவர்களுக்குப் பெயர் உண்டு, அது மறக்கக் கூடாதது. ஆனால் வாப்பா தனியாகப் போய்க் காணி துப்புரவாக்குவதற்கு மகனைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

*

தமிழில் ஓசுவின் படத்துக்குக் கிட்ட நிற்பது 'சந்தியா ராகம்', 1989. எடுத்தவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. மனைவியை இழந்த கிழவர் சென்னையில் சகோதரன் மகன் வீட்டுக்கு வருகிறார். சொக்கலிங்க பாகவதர் நடித்திருக்கிறார். சின்ன வீடு, சின்னச் சம்பளம், கூட ஒரு வாய். கொடுமைக்கார மருமகள் இல்லாமல் எங்கள் குடும்பப் படங்களுக்குக் கதை நகராது; இது நகர்கிறது.

*

பிள்ளைகள் பெற்றோரை விட்டு விலகுவது பெரும்பாலும் கெட்ட மனத்தால் அல்ல, பிழைப்பால். கெட்டவன் ஒருவன் இருந்தால் ஏசி ஆறிக்கொள்ளலாம். ஓசு அந்த வசதியைத் தருவதில்லை. அதனால்தான் இந்தப் படம் எழுபது வருடம் தாண்டியும் நோகிறது.

*

பார்க்கப் போகிறவர்களுக்கு: இரண்டேகால் மணி நேரம் ஓடும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும், எழும்பிவிடாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிவைத்துப் பாருங்கள். யார் பிழை என்று மட்டும் தேடாதீர்கள்.