மனாங் என்று கூப்பிடவில்லை

எங்கள் இலோகானோ மொழியில் அக்காவை 'மனாங்' என்போம். ஒரு வயது மூத்தவளாக இருந்தாலும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. என் பெரியப்பா மகள் எனக்கு ஒரு வயது மூத்தவள். 1989இல் அவள் பிலிப்பைன்ஸிலிருந்து ஹவாய்க்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பள்ளி முடிகிறவரை ஒரு தடவைகூட நான் அவளை மனாங் என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் "இந்தா" என்பேன். வெளியில் அதுவும் கிடையாது.

நான் பிறந்து வளர்ந்த ஊர் வைபாஹு. ஓவாஹு தீவில், ஒரு கரும்பாலையைச் சுற்றி எழுந்த ஊர். ஆலையை 1995இல் மூடிவிட்டார்கள். புகைபோக்கி இன்னும் நிற்கிறது. எங்கள் தெருவில் பிலிப்பினோக்கள்தான் அதிகம். வாசலில் முருங்கை நின்றால் அது எங்கள் ஆட்கள் வீடு. அந்த மரத்துக்கு இலோகானோவில் பெயர் 'மருங்கை'. பக்கத்தில் ஜப்பானிய வம்சாவளியினர், சமோவாக்காரர்கள், போர்த்துகீசிய ரத்தம் கலந்த ஹவாய்க்காரர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பேச்சு இருந்தது: பிட்ஜின். தோட்டங்களில் கரும்பு வெட்ட வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேச வழியில்லாமல், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கலந்து உண்டாக்கிய மொழி. அதைப் பிசகில்லாமல் பேசுகிறவன் 'லோக்கல்'. நான் லோக்கல். அவள் இல்லை.

அவள் பேச்சில் 'ஃப' வராது. இலோகானோவில் அந்த ஒலியே இல்லை. வந்த முதல் வருடம், ஒரு நாள் பள்ளிவிட்டு நண்பர்களோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னிடம் வந்து, கூட இருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில், "போர் பிப்டி பஸ் போயிடுச்சா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. "போர் பிப்டி, போர் பிப்டி" என்று அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் கேட்டான், "உங்க வீட்டுப் பொண்ணாடா?" "இல்ல. இப்பத்தான் கப்பல்லேர்ந்து இறங்கின புக்புக்" என்றேன்.

புக்புக் என்றால் மரத்தை அரிக்கிற வண்டு. எங்களைக் கேவலப்படுத்த மற்றவர்கள் வைத்த பெயர். என்னை அப்படி ஒருவன் கூப்பிட்டதற்காக நான் சண்டை போட்டு உதடு கிழிந்து வந்திருக்கிறேன். அதே சொல்லை அவள்மேல் எறிய எனக்கு ஒரு நொடி தேவைப்படவில்லை.

அவளுக்குப் புரிந்தது. பஸ் வந்தபோது ஏறவில்லை. ஃபாரிங்டன் நெடுஞ்சாலை ஓரமாக அவள் நடந்துபோவதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று இரவு சோற்றை எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். சில நாள் கழித்து, குளியலறைக்குள்ளிருந்து தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது: ஃபைவ், ஃபிஷ், ஃப்ரைடே. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். மறுநாள் பள்ளியில் அதையும் நடித்துக் காட்டினேன். பஸ் நிறுத்தத்தில் செய்ததைவிட இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது.

அங்கே எல்லோரும் எல்லோரையும் கேலி செய்வார்கள், அதுதான் தீவின் வழக்கம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேலி உண்மைதான். ஆனால் திருப்பிக் கேலி செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அது விளையாட்டு. அவளுக்குத் திருப்பிச் சொல்ல வாய் இல்லை. எனக்கு அது தெரியும். அவளைச் சிரிப்புக்கு இடமாக்கிய ஒவ்வொரு நாளும் என் இடம் கொஞ்சம் உறுதியானது. அதற்காகவே செய்தேன்.

பதின்மூன்று வயதில் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தாத்தா சொல்லியிருந்தார்.

தாத்தா 1946இல் பிலிப்பைன்ஸின் இலோகோஸிலிருந்து மாவுனாவிலி என்ற கப்பலில் வந்தவர். வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்து, தோட்ட முதலாளிகள் அந்த வருடம் ஏறக்குறைய 6,000 ஆண்களைப் பிலிப்பைன்ஸிலிருந்து இறக்கினார்கள். முன்பெல்லாம் ஒரு இனம் வேலையை நிறுத்தினால் இன்னொரு இனத்தை வைத்து முறியடித்துவிடுவார்கள். 1924இல் பிலிப்பினோக்கள் தனியாக நின்றார்கள்; காவாய் தீவின் ஹனபேபேயில் 16 தொழிலாளர்களும் 4 போலீஸ்காரர்களும் செத்தார்கள். 1946இல் அப்படி நடக்கவில்லை. கப்பல் ஊழியர்களாக ஏறியிருந்த தொழிற்சங்கத்து ஆட்கள் கடலிலேயே புது ஆட்களைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். சுமார் 26,000 பேர் 79 நாள் ஒன்றாக நின்றார்கள். பொதுச் சமையல். மீன் பிடிக்க ஒரு குழு, வேட்டைக்கு ஒரு குழு. "எனக்கு அவங்க பாஷை ஒரு வார்த்தை தெரியாது. ஒரு ஜப்பான்காரக் கிழவர் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்" என்பார் தாத்தா. இந்தக் கதையை அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டோம்.

2006இல் பிலிப்பினோக்கள் ஹவாய்க்கு வந்து நூறு ஆண்டு ஆனதைக் கொண்டாடினார்கள். 1906இல் முதலில் வந்தவர்கள் 15 பேர். ஒரு சிறிய கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தாத்தா அப்போது இல்லை. அந்தத் தட்டுக் கதையைச் சொன்னேன். புதிதாக வருகிறவனுக்கு இடம் கொடுப்பதுதான் எங்கள் குடும்பம் என்றேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவள் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைதட்டினாள். மேடையிலிருந்து அவளைப் பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை.

போன மாதம்தான் சொன்னேன். அவள் வீட்டுக் கொல்லையில், மருங்கைக் கிளையை வளைத்துப் பிடித்துக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். "மனாங்" என்றேன். திரும்பாமல் "ம்" என்றாள். பஸ் நிறுத்தம், குளியலறை, மேடை எல்லாவற்றையும் சொன்னேன். பறிப்பதை நிறுத்தவில்லை.

"கோபத்துல நடந்து போனேன்னு நெனச்சியா?" என்றாள். "பஸ்ல ஏறினா டிரைவர்கிட்ட எங்க இறங்கணும்னு பேசணுமே. அதான் நடந்தேன்."

அப்புறம் காய்களைக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி அவளுடைய சந்திப்புத் தேதியை மாற்றச் சொல்ல வேண்டுமாம். அந்த மாதிரி ஃபோன்களை அவன்தான் பேசுவான் என்றாள். அவனுக்கு ஏழு வயதானதிலிருந்தே அப்படித்தான்.