எனக்கப்புறம் யார் பார்ப்பா?



2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகி இறந்தார்கள். "பெத்தவங்களுக்கு மனசே இல்லையா?" என்று அப்போது பலர் திட்டியதைக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. மகனுக்கு மனச்சிதைவு நோய். இருபது வருடமாக வாசல் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் படுக்கிறார். நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. மகளுக்கு வந்த வரன்களும் விசாரித்துவிட்டு விலகிவிட்டன. "எனக்கப்புறம் இவனை யார் சார் பார்ப்பா?" என்று மட்டும் கேட்பார்.

2017 மனநலச் சட்டம் சங்கிலிக்குத் தடை போட்டது நல்லதுதான். அரசு மருத்துவமனையில் மாத்திரையும் இலவசம். பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நாள் ஓய்வை யார் தருவது?

இப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலும் இருக்கலாம். "பையன் எப்படி இருக்கான்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "நீங்க தூங்குனீங்களா? நான் உட்கார்ந்திருக்கேன், கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.