பாடல்களுக்கு ஒரு காவல்

எமது துறையில் நாட்டார் பாடல்களைத் தொகுத்துத் தரவுத்தளமொன்றிற் சேர்த்து வருகிறோம். அதனைத் தாங்கும் கணினிக்குப் பணிசெயல் முறைமை தெரியும் பொறுப்பு என்பாற் பட்டது. கலைப்பீடத்தானுக்கு இதிலென்ன வேலை என்று சிலர் வினவினர். பாடியோருட் பலர் இன்றில்லை. அவர்தம் பாடலைக் காப்பது எம் கடனன்றோ?

லினக்ஸ் ஒன்றேயாயினும் அதனைத் தொகுத்தளிக்கும் வழங்கல்கள் பல. எது புதியது என்பதன்று, எது நெடுநாள் பேணப்படும் என்பதே முதல் வினா. 2019 இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை பேணப்படும் என நம்பப்பட்டது. 2020 டிசெம்பரில் அவ்வெல்லை சுருக்கப்பட்டு, 2021 இறுதியோடு திருத்தங்கள் நின்றுபோயின. 1993 இல் தொடங்கித் தன்னார்வலராற் பேணப்பட்டுவரும் டெபியனை யான் நாடியது இதனாலேயே. அதன் நிலைத்த பதிப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் திருத்தம் பெறும்.

தெரிவோடு காவல் முடிந்துவிடுவதில்லை. 2017 தொடக்கத்தில், கடவுச்சொல்லின்றி இணையத்திற்குத் திறந்துகிடந்த மொங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணயப்பணம் கோரப்பட்டது. ஆங்கு கள்வர் பூட்டை உடைக்கவில்லை, கதவே தாழிடப்படவில்லை. ஆகவே வேண்டாத சேவைகளை நீக்கினேன். எமது போஸ்ட்கிரெஸ், அக்கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே செவிசாய்க்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறுகின்றன. தரவின் படியொன்று வேறொரு கட்டடத்தில் உறைகிறது.

இவ்வளவும் செய்தபின்னும் ஐந்தாண்டிற்குள் யாரேனும் ஒருவர் முறைமையைப் புதுப்பித்தாகவேண்டும். அன்று யான் இங்கிரேன். செல்லரிக்குமுன் ஏட்டைப் படியெடுத்தோர் தலைமுறைதோறும் இருந்தமையாலன்றோ நம் இலக்கியம் எஞ்சியது? பின்வரும் மாணவர்க்கென யான் எழுதிவைத்த குறிப்பும் அக்காவலின் ஒரு பகுதியே.