எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு பழைய ரேடியோவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2024 கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு தாளோடு வந்து நின்றான். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். தாளில் கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்கான சாமான் பட்டியல். அடியில் கூட்டுத்தொகை 92,000. "பத்தாவது முடிச்சா வாங்கித் தரேன்னு சொன்னீங்கல்ல தாத்தா?" சொன்னது உண்மைதான். சொன்னபோது விலை தெரியாது. மகளோ, "பிளஸ் ஒன் போற பையனுக்கு கேம் பொட்டியா? நீங்க வாத்தியாரா இருந்தவர்தானேப்பா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஓய்வூதியத்தில் சேர்த்த 50,000 தருகிறேன், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

பேரன் அன்று இரவே பட்டியலை வெட்டிச் சுருக்கினான். அதை எடுத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனோம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் அவன் ஊர். பெயர் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறான், அதனால் போடவில்லை.

தாளைப் பார்த்ததுமே சிரித்தான். "தம்பி, இதை மாட்டினா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது." பேரன் எழுதியிருந்த ப்ராசஸர் இன்டெல் ஐ5-12400எஃப். கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்' என்ற எழுத்துக்கு, உள்ளே படம் காட்டும் பகுதி இல்லை என்று அர்த்தமாம். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆக வேண்டும். இவனோ பணத்தைக் குறைக்க அந்தக் கார்டைத்தான் முதலில் வெட்டியிருந்தான். புலிக்கும் புளிக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம் என்று முப்பது வருடம் கத்தியவன் நான். எனக்கு இது உடனே புரிந்தது, பேரனுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.

அதற்குப் பதில் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி வாங்கச் சொன்னான். ஆறு கோர், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கூலரும் பெட்டியிலேயே வருகிறது. வேலரன்ட் நன்றாக ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்கைக் குறைத்து வைத்தால் ஓடும். பிறகு காசு சேர்ந்தால் ஒரு கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

ராம் 16 ஜிபி. ஒரே குச்சியாக வாங்கினால் போதாதா என்று கேட்டேன். கூடாதாம். இந்த வகை ப்ராசஸரில் படம் வரைகிற பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியாக இரண்டு போட்டால் இரண்டு வழியாகத் தகவல் போகும், கேம் வேகமாக ஓடும். சத்துணவுக்கு ஒரு ஆயா பரிமாறுவதற்கும் இரண்டு ஆயா பரிமாறுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அரிசி அதே அரிசிதான், வரிசைதான் சீக்கிரம் நகரும்.

அவன் ஒரேயடியாகப் பிடிவாதம் பிடித்தது எஸ்எம்பிஎஸ்ஸில். பேரன் கேபினெட்டோடு சேர்ந்து வருகிற எஸ்எம்பிஎஸ்ஸே போதும் என்று எழுதியிருந்தான். இவன் மேசைக்கு அடியிலிருந்து செத்துப்போன ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். "தூக்கிப் பாருங்க சார், வெயிட்டே இருக்காது." மூடியைக் கழற்றி, தலை உப்பிப்போன கெப்பாசிட்டர்களைக் காட்டினான். மலையில் இ-சேவை மையங்களுக்கு இவன்தான் சர்வீஸ். மழைக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும், வோல்டேஜ் இறங்கி ஏறும். மட்டமான எஸ்எம்பிஎஸ் தான் போகும்போது மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். "கலர் லைட்டு கேபினெட்ல குறைங்க, ப்ராசஸர்ல கூட குறைங்க. இதுல குறைக்காதீங்க." 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளது, 4,000 ரூபாய். கூடவே 3,000க்கு ஒரு யூபிஎஸ். ரிச்சி தெரு விலை, ஆன்லைன் விலை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து மானிட்டர், கீபோர்டு உட்பட 46,500ல் முடித்துக் கொடுத்தான். பொருத்துவதற்குக் கூலி 500. கறாராக வாங்கிக்கொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

பொருத்துகிற அன்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

1993ல் மலையில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு ரேடியோ இருந்தது. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், ரேடியோ என் மேசையில் பிரிந்து கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளங்கையில் திருகாணிகளோடு நிற்கிறான். புளிய மிளாறால் விளாசிவிட்டேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போன அப்பா அவனையும் கூட்டிப் போய்விட்டார் என்றார்கள். அப்படிப் போகிற குடும்பங்கள் மலையில் நிறைய. அதனால் அவன் போனதற்கு மிளகுதான் காரணம், என் மிளாறு இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பல வருடம் கழித்து வந்து, தனித்தேர்வராகப் பத்தாவது எழுதி, தொழில் கற்று, கடை போட்டிருக்கிறான். கடைக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை.

அன்று நான்தான் எடுத்தேன். "அந்த ரேடியோ ஞாபகம் இருக்காப்பா?"

ஸ்குரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "ஸ்பீக்கர் ஒயர் விட்டுப்போயிருந்துச்சு சார். ரெண்டு நாளா சத்தம் வரலல்ல? முறுக்கி வச்சிட்டேன். மூடறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

மறுநாள் அந்த ரேடியோ பாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானே திருகாணிகளைப் போட்டு மூடினேன். ஈரம் காய்ந்து தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"அடிச்சதாலதான் கேரளா போனியா?"

"அப்பா எப்படியும் கூட்டிட்டுத்தான் போயிருப்பாரு சார்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா போக மாட்டேன்னு நான் அழல," என்றான்.

தப்பு பண்ணிட்டேன்பா என்றேன். தலையை ஆட்டினான். பிறகு பேரன் பக்கம் திரும்பி, "தம்பி, ராமை நீயே மாட்டு" என்று இரண்டு குச்சிகளையும் அவன் கையில் கொடுத்துவிட்டான். பேரன் வைத்துத் தயங்கினான். "பயப்படாம அழுத்து, டக்குன்னு சத்தம் வரணும்." 'பார்த்துடா, உடைச்சிடாதே' என்பது என் தொண்டை வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு டக். இன்னொரு டக்.

கம்ப்யூட்டர் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. கூலி போக மிஞ்சிய 3,000 ரூபாயைக் கார்டுக்கு முதலாகப் பேரனிடம் கொடுத்தேன். அவனும் சேர்த்து வருகிறான். ஆர்எக்ஸ் 6600 என்ற கார்டின் மேல் கண். மகள் இன்னும் "கேம் பொட்டி" என்றுதான் சொல்கிறாள், அவளுடைய வேலையையும் அதில்தான் செய்கிறாள்.

இப்போது வாங்க நினைப்பவர்கள் ராம் விலையை முதலில் விசாரியுங்கள். ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் போவதால் 2025 கடைசியில் விலை மளமளவென்று ஏறிவிட்டது, நாங்கள் 3,500க்கு வாங்கியது அந்த விலைக்குக் கிடைக்காது. எல்லா பில்லையும் பத்திரமாக வையுங்கள், வாரன்டிக்குக் கேட்பார்கள். கடை எங்கே என்று கேட்பவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அவன் மலைக்குப் போய்விடுவான்.