அட்டாதி என்றொரு கட்டில்

அம்மாவின் நட்சத்திரம் உத்திரட்டாதி. சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அதைச் சொல்வது சிறுவயதில் என் வேலை. உத்திரம் எனக்குப் புரிந்த சொல். எங்கள் ஊரே உத்திரமேரூர். வானத்தில் இருக்கும் உத்திரத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். மிச்சமிருந்த 'அட்டாதி'தான் எதிலும் ஒட்டாமல் நின்றது. பூரட்டாதியிலும் அதே அட்டாதி. ஆதியா, அட்டமா, என்ன அது? அர்ச்சகரைக் கேட்டேன், பஞ்சாங்கம் பார்க்கும் ஜோசியரைக் கேட்டேன். 'நட்சத்திரத்தோட பேரு அது' என்றார்கள்.

அந்த நட்சத்திரத்தை எனக்கு முதலில் காட்டியவர் தாத்தா. சொர்ணவாரி அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடந்த ஒரு புரட்டாசி ராத்திரி. காவலுக்குக் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவார். கால்மாட்டில் நானும் ஒண்டிக்கொள்வேன். மணி பத்துக்கு மேல் இருக்கும்.

"நேர் மேல பாரு. நம்மள மாதிரியே அங்க ஒரு கட்டில் போட்டிருக்கு, தெரியுதா?"

"நாலு காலுதான் தெரியுது தாத்தா."

"காலுதான் தெரியும். கயிறை நீ பின்னிக்கோ."

தாத்தா படித்தவர் அல்லர். அவர் காட்டிய நான்கு வெள்ளிகள்தான் பூரட்டாதியும் உத்திரட்டாதியும் என்பது முப்பது வருடம் கழித்து, வேறு எதையோ தேடப் போன இடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

கட்டிலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிடுகிறேன். ஐப்பசி நடுவில், இரவு ஒன்பது மணி வாக்கில், உச்சந்தலைக்கு மேலே கொஞ்சம் வடக்காகப் பாருங்கள். நடுத்தர ஒளியுள்ள நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், சதுரத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்றரை முட்டி அகலம். உள்ளே சொல்லும்படியான வெளிச்சம் எதுவும் இல்லை. அந்த வெறுமையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய வானநூல்களில் இது இலையுதிர்கால வானத்தின் அடையாளம். நமக்கு அது கூதிர், அடைமழைக் காலம். மேகம் விலகக் காத்திருக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்கப் பெய்து ஓய்ந்த இரவில் தூசியெல்லாம் கழுவிப்போயிருக்கும். அப்படிப்பட்ட இரண்டு மணி நேரம், மாசியின் முப்பது இரவுகளுக்குச் சமம் என்பேன். இந்தச் சதுரம் உச்சிக்கு இத்தனை அருகில் வருவது நம் அட்சரேகையின் கொடுப்பினை. நேர் மேற்கே, கிட்டத்தட்ட இதே அட்சரேகையில்தான் சவ்வாது மலைக் காவலூரின் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது.

தேடலுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டியபோது முதல் பிடி கிடைத்தது. பூரட்டாதிக்கு வேர், வடமொழியின் 'பூர்வ ப்ரோஷ்டபதா'. உத்திரட்டாதிக்கு 'உத்தர ப்ரோஷ்டபதா'. ஷ்ட என்பது நம் வாயில் ட்ட ஆகும். அஷ்டமி அட்டமியானதும், ஜ்யேஷ்டா என்ற நட்சத்திரம் கேட்டையானதும் அப்படித்தான். ப்ரோஷ்டபதா தேய்ந்து தேய்ந்து அட்டாதியாக நின்றிருக்கிறது. புரட்டாசி மாதத்தின் பெயரும் இதே வேர்தான். இலங்கைத் தமிழர் இன்றும் அதைப் புரட்டாதி என்றே சொல்கிறார்கள். அந்த உச்சரிப்பில் வேர் இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிறது.

ப்ரோஷ்டபதா என்றால்? ப்ரோஷ்டம் என்பது உட்காரவோ படுக்கவோ போடும் பலகை, மஞ்சம். பதம், கால். மஞ்சத்தின் கால்கள்.

அன்று அகராதியை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தா சொன்னதும் அதுவேதான். நட்சத்திரங்களுக்கு உருவம் சொல்லும் நம் பழைய சோதிட வாய்பாடுகளிலும் அது இருக்கிறது: அசுவினிக்குக் குதிரை முகம், பரணிக்கு அடுப்பு, மிருகசீரிடத்துக்கு மான் தலை; பூரட்டாதிக்கும் உத்திரட்டாதிக்கும் கட்டில் கால். பெயரின் பொருள் காதுக்கு மறந்துபோனது. உருவமோ, ராத்திரியில் கட்டில் போட்டுப் படுத்தவர்களிடம் அப்படியே தங்கிவிட்டது.

இந்தப் பெயர் எவ்வளவு பழையது என்று பின்னோக்கிப் போனேன். யஜுர் வேதத்தின் தைத்திரீய சங்கிதையில் ஒரு நட்சத்திர வரிசை உண்டு. அதில் ப்ரோஷ்டபதா என்ற பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. முன் பின் என்ற அடைமொழிகூடக் கிடையாது. முதலாவதற்கு அஜ ஏகபாத், இரண்டாவதற்கு அஹிர்புத்ந்யன் என்று தெய்வம் மட்டும் வேறு. பிற்காலத்தில் வடமொழியில் இந்தப் பெயர் பாத்ரபதா என்று மாறியது. மங்கலக் கால்கள் என்று பொருள், கட்டில் போய்விட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் இன்று வழங்குவது அந்தப் பிந்தைய பெயர்தான். தமிழிலும் மலையாளத்திலும் பழையதே நின்றது. மலையாளிகள் பூருருட்டாதி, உத்ரட்டாதி என்பார்கள். ஆரன்முளை வள்ளங்களிக்கு உத்ரட்டாதி என்றே பெயர். வேதத்து வழக்கை வடமொழியே கைவிட்ட பிறகும், தெற்கில் களத்துமேடுவரை அது உருமாறி வாழ்ந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தச் சொல் எங்கள் பக்கம் எப்படி வந்திருக்கும்? கல்வெட்டில் ஏதாவது கிடைக்குமா என்று எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குப் போனேன். குடவோலை முறையைச் சொல்லும் அந்தச் சுவர்கள் உலகம் அறிந்தவை. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது கி.பி. 919, 921. நட்சத்திரத்தைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்தவை எண்கள். இரண்டாவது கல்வெட்டு தன் தேதியை 14ஆம் ஆண்டின் 16ஆம் நாள் என்று எண்ணிச் சொல்கிறது. வாரியப் பெருமக்களின் பதவிக்காலம் 360 நாள் என்கிறது. கட்டில் அங்கே இல்லை. ஆனால் அதே கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடப்படுகிறவனுக்கு வேதப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஊரின் பழைய பெயரே உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். யஜுர் வேதம் ஓதுகிறவர்கள் இருந்த ஊரில் அந்த நட்சத்திர வரிசையும் ஓதப்பட்டிருக்கும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திரன் கல்வெட்டு ஒன்று, வேதமும் வியாகரணமும் படித்த மாணவர்களையும், 15 நோயாளிகள் தங்கிய ஆதுலர் சாலையையும் பற்றிப் பேசுகிறது. வியாகரணம் என்றால் பாணினியின் வழி. பாணினியில் இந்த நட்சத்திரங்களுக்கென்றே ஒரு சூத்திரம் உண்டு: பல்குனி, ப்ரோஷ்டபதா என்ற பெயர்கள் இருமையில் வர வேண்டிய இடத்தில் பன்மையிலும் வரலாம் என்று. இரண்டிரண்டாகச் சேர்ந்த நட்சத்திரங்கள் என்பதால் எழுந்த இலக்கணச் சிக்கல் அது. பல்குனிதான் நம் பங்குனி. உத்தர பல்குனிதான் உத்திரம். ஆற்றோரத்தில் உட்கார்ந்து அந்தச் சூத்திரத்தை உருப்போட்ட பையன்களில் ஒருவனாவது ராத்திரி அண்ணாந்து பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான்.

இந்த இடத்தில் என் சிறுவயது நம்பிக்கை உடைந்தது. ஊர்ப்பெயரின் உத்தரம் நட்சத்திரம் அன்று, திசை. உத்தரமேரு என்றால் வடக்கு மேரு. நட்சத்திரங்களில் வரும் உத்தரத்துக்கோ பின்னது என்று பொருள். பூர்வம் முன்னால் உதிப்பது, உத்தரம் பின்னால் உதிப்பது. ஒரே சொல்தான், ஊரில் திசையாகவும் வானத்தில் வரிசையாகவும் நிற்கிறது.

முன் பின் என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆவணி முதல் வாரத்தில் ஏரிக்கரையில் கிழக்கு நோக்கி உட்கார்ந்தேன். பல்லவ தந்திவர்மன் காலத்து வயிரமேகத் தடாகம் இந்த ஏரிதான். மூன்று நாள் மேகம் மறைத்தது. நான்காம் நாள் எட்டு மணிக்கு முன்கால்கள் இரண்டும் மரங்களுக்கு மேலே வந்து நின்றன. இடப்பக்கத்துக் கால் சற்று உயரம். அதே உயரத்துக்குப் பின்கால்கள் வந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளி. எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது தெற்கோரத்துப் பின்கால். பூரட்டாதி, உத்திரட்டாதி என்ற பெயர்களை வைத்தவர்கள் பார்த்தது இதைத்தான்.

மற்ற நாட்டார் இதே நான்கையும் எப்படிப் பார்த்தார்கள் என்று தேடியது இன்னொரு சுற்று. கிரேக்கர்களுக்கு இது சிறகுள்ள குதிரையின் உடல். பின்கால்களில் வடக்கே இருப்பதன் அரபுப் பெயருக்குக் குதிரையின் கொப்பூழ் என்று பொருள். இன்றைய வானியல் எல்லைக்கோட்டின்படி அந்த ஒரு கால் மட்டும் ஆந்த்ரோமெடா மண்டலத்தில் சேர்ந்துவிட்டது. அரபியரின் சந்திர மனைகளில் இது நீர் இறைக்கும் தோல்வாளியின் வாய். முன்வாய், பின்வாய் என்று அவர்களும் இரண்டாகத்தான் பிரித்தார்கள். சீனர்களுக்கு ஒரு பாதி வீடு, மறுபாதி சுவர். 1978இல் சீனாவில் தோண்டியெடுத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் அரக்குப் பெட்டி கிடைத்தது. அதன் மூடியில் 28 மனைகளின் பெயர்கள். அதிலும் இந்த இரண்டுக்கும் ஒரே பெயர். மேற்கு, கிழக்கு என்று மட்டும் வேறுபாடு. தைத்திரீயத்தின் இரட்டைப் பெயர் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்கில் அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. நான்கு புள்ளிகளைக் கண்டால் மனிதன் அதில் வீடோ கட்டிலோ போட்டுக் குடியேறப் பார்க்கிறான் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பஞ்சாங்கத்தில் 'இன்று உத்திரட்டாதி' என்று போட்ட நாளில் நிலா இந்தக் கட்டிலில் வந்து படுத்திருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தேன். நிலா தெற்கே தள்ளித் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. சந்திரன் போகும் பாதை கட்டிலுக்கு வெளியே, தென்புறத்தில் இருக்கிறது. எந்த நாளும் அது உள்ளே வருவதில்லை. பாதையைச் சமமாக 27 பங்காக வெட்டி, பக்கத்தில் கண்ணில் படும் நட்சத்திரத்தின் பெயரைப் பங்குக்கு வைத்தார்கள். கட்டிலை வைத்து இன்னும் தொலைவாகவும் பார்க்கலாம். ஏறக்குறைய 97 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது அந்த வடக்குப் பின்கால். அதிலிருந்து வடகிழக்காக இரண்டு நட்சத்திரம் தாவி, அங்கிருந்து வடமேற்காகத் திரும்பினால் மங்கலான பஞ்சுத் துணுக்கு ஒன்று தெரியும். ஆந்த்ரோமெடா விண்மீன் திரள். 25 லட்சம் ஒளியாண்டு. சிறுவயதில் எங்கள் களத்திலிருந்து அது தெரிந்திருக்க வேண்டும். இப்போது ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை வெளிச்சத்தில் வானம் வெளுத்துக் கிடப்பதால், கண் பழகக் கால் மணி நேரம் ஆகிறது.

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு ராத்திரி, மாடியில் அம்மாவுக்குக் கட்டில் போட்டேன். நைலான் நாடா பின்னிய கட்டில். அவளைப் படுக்கவைத்து மேலே காட்டினேன். முன்கால் இரண்டு, பின்கால் இரண்டு. பின்கால்தான் உன் நட்சத்திரம் என்றேன்.

"இத்தினி வருசம் அர்ச்சனை பண்ணேனே, இதுவா?" என்று கேட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிசாத்தான் இருக்கு."

கிழக்கே மேகம் எழும்பியது. முதலில் பின்கால்கள் இரண்டும் மறைந்தன, பிறகு முன்கால்கள். தூறல் விழுவதற்குள், ஆளுக்கு இரண்டு காலாகப் பிடித்துக் கட்டிலை உள்ளே கொண்டுபோனோம்.